மாங்காய் மாதிரி காய், கிள்ளினால் வெள்ளைப் பால்: என்ன மரம் இது?

கேள்வி
குளச்சல் பக்கம் ஏ.வி.எம். கால்வாய் ஓரமா பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம். பின்பக்க மதிலை ஒட்டி 15 அடி உயரத்தில் ஒரு மரம். இலை அச்சு அசல் மாவிலைதான், ஒரு சாண் நீளம், நல்ல மினுமினுப்பு. காய் உருண்டையா பச்சை மாங்காய் போல. இலையைக் கிள்ளினா வெள்ளைப் பால் வடியுது. ஒருத்தர் காட்டு மாமரம் என்கிறார், இன்னொருத்தர் ஈழத்தலரி (பிளுமேரியா) என்கிறார். வீட்டில் 4 வயசுக் குழந்தை இருக்கு. மரத்தை வைக்கலாமா?

பதில் 1
பெயர் தெரியும்வரை குழந்தையை அந்தப் பக்கம் விடாதீங்க, கீழே கிடக்கிற காயையும் பொறுக்கிடுங்க.

இலையைக் கிள்ளியதும் கெட்டியான வெள்ளைப் பால் வந்தால் அது மா இல்லை. மாங்காய்ப் பால் என்று நாம் சொல்வது காம்பில் பீறிடும் சாறு. மாவிலையைக் கசக்கினால் மாங்காய் வாசனைதான் வரும். இலை நுனிக்கிளையில் கொத்தா இருக்கிறதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மா, ஈழத்தலரி இரண்டிலும் அப்படித்தான். பூவின் நடுவில் என்ன நிறம்? நுனிக்கிளை விரல் மொத்தத்துக்கு மழுங்கி இருக்கா? தரையில் காய்ந்த பழைய காய் கிடந்தால் அது எப்படி இருக்கு? பச்சைக் காயை வெட்ட வேண்டாம்.

கேட்டவர்
கசக்கினா மாங்காய் வாசனை இல்லை. பூ வெள்ளை, 5 இதழ், காற்றாடி மாதிரி, நடுவில் மஞ்சள். கிளை ஒல்லிதான். காய்ந்த காய் தேங்காய் மட்டை போல நாரா இருக்கு, கையில் எடுத்தா கனமே இல்லை.

பதில் 2
அப்படின்னா உதளை. உங்க பக்கம் ஒதளம் என்று சொன்னால் பெரியவங்களுக்குத் தெரியும். தாவரவியல் பெயர் செர்பெரா ஒடல்லம். அந்த 'ஒடல்லம்' நம்ம ஒதளம்தான். அரளிக் குடும்பம். ஈழத்தலரியும் அதே குடும்பம் என்பதால்தான் பாலும் பூவும் குழப்புது. ஆனால் ஈழத்தலரிக்குக் கிளை தடித்து மழுங்கி இருக்கும், வறண்ட காலத்தில் இலை உதிர்ந்துவிடும், காய்த்தால் இரட்டை நெற்று. உருண்டைக் காய் வராது. பூவின் நடு இளஞ்சிவப்பா இருந்தால் இதுக்கு நெருங்கிய உறவான இன்னொரு மரம், அதுவும் விஷம்தான்.

நார்க்காய் தண்ணீரில் மிதக்கும். கால்வாய், காயல் (உப்பங்கழி) கரையெல்லாம் இந்த மரம் பரவுவது அப்படித்தான்.

விஷம் காய்க்குள் இருக்கிற விதைப் பருப்பில்தான் அதிகம். இதயத் துடிப்பைக் குறைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். குழந்தை கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி வருதா என்று பார்த்துக்கிட்டு நிற்காதீங்க. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 108, கூடவே அந்தக் காயை ஒரு பையில் எடுத்துட்டுப் போங்க. மருத்துவர் ஈசிஜி பார்க்க வேண்டியிருக்கும்.

பதில் 3
சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வெட்டுவதுதான் சரி. குழந்தை இல்லாத இடம் என்றால் விட்டுவிடச் சொல்வேன், நம்ம மண்ணின் மரம், கரையைப் பிடிச்சு வைக்கும். வெட்டுமுன் அது உங்க எல்லைக்குள் நிற்குதா என்று பார்த்துக்குங்க. கால்வாய்ப் புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது.

முதலில் காயைப் பறித்து எண்ணி மூட்டை கட்டிடுங்க. அரிவாளோடு கிளையில் ஏறின பிறகு காய் நாலா பக்கமும் சிதறினால் புல்லுக்குள் தேட முடியாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிட்டு மருத்துவரிடம் போகணும். கிளையை 3 அடித் துண்டுகளா மேலிருந்து இறக்கணும். தழையை ஆட்டுக்குப் போடக்கூடாது, விறகா அடுப்பிலும் எரிக்கக்கூடாது.

அடிக்கட்டையை அப்படியே விட்டால் துளிர்க்கும். சுற்றி 2 அடி தோண்டி வேரோடு எடுங்க. மதில் அஸ்திவாரம் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்க வேரைக் கையால் அறுக்கணும், இயந்திரம் வைத்து இழுத்தால் மதில் விரியும்.

கேட்டவர்
மரம் எங்க எல்லைக்குள்தான். வெட்டின பிறகு பழைய காய் முளைக்குமா?

பதில் 3
முளைக்கும். முதல் மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்க. நாற்றைப் பிடுங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் காயையும் சேர்த்து எடுக்கணும், பருப்பு அதுக்குள்தான் இருக்கும்.