உணர்திறன் மிகுந்தவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பலாமா?

நிழல்தேடி:
வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அமெரிக்க வாடிக்கையாளர்களின் குறைகளைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைவனாக இரவுப் பணியில் இருக்கிறேன். தடுப்புகள் இல்லாத பெரிய கூடம், கண் கூசும் வெள்ளை விளக்கு, ஒரே நேரத்தில் பலர் தொலைபேசியில் பேசும் இரைச்சல் ஆகியவை மற்றவர்களுக்குப் பழகிவிட்டன. எனக்கு இன்னும் பழகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் குரலை உயர்த்திவிட்டால், அந்தப் பேச்சு மறுநாள் பகல் முழுவதும் உறங்கவிடாமல் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிறுவயதில் கல்யாண வீடுகளில் மேளச் சத்தம் தாங்காமல் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன் என்று அம்மா சொல்வார். அண்மையில் 'ஹைலி சென்சிட்டிவ் பெர்சன்', அதாவது உணர்திறன் மிகுந்தவர், பற்றிப் படித்தபோது, அதில் சொல்லப்பட்ட அடையாளங்கள் பெரும்பாலும் எனக்குப் பொருந்தின. திருவையாற்றுக்கு அருகில் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வேலையை விட்டு அங்கே போய்விட்டால் நிம்மதி கிடைக்கும் என்று தோன்றுகிறது. மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. இந்த நிறுவனத்தில் எனக்கு ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பாதரசம்:
நீங்கள் படித்தது, அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோன் 1990-களில் முன்வைத்த கருத்து. அவரும் அவருடைய கணவர் ஆர்தர் ஆரோனும் இதை அளப்பதற்கு 27 கேள்விகள் கொண்ட அளவுகோலை 1997-இல் வெளியிட்டார்கள். மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினர் இத்தகையவர்கள் என்பது அவருடைய மதிப்பீடு. பின்னர் வந்த ஆய்வுகள் இதை ஏறத்தாழ 30 விழுக்காடு என்கின்றன. இது நோயன்று, ஆளுமை இயல்பு. பலரும் கவனிக்கத் தவறும் பாதி ஒன்று உண்டு: இத்தகையவர்களைக் கெட்ட சூழல் அதிகமாக வாட்டுவதைப் போலவே, நல்ல சூழல் அதிகமாகத் தேற்றவும் செய்கிறது. இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் மனச்சோர்வுத் தடுப்புப் பயிற்சி பெற்ற சிறுமிகளை மைக்கேல் ப்ளூஸ் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவில், உணர்திறன் மிகுந்த சிறுமிகளுக்கே அந்தப் பயிற்சி பலன் தந்திருந்தது. ஆகவே சூழலை மாற்ற நினைப்பது கோழைத்தனம் அல்ல. ஆனால் உறக்கம் கெட்டால் யாருக்குமே சத்தமும் கடுஞ்சொல்லும் தாங்காது. உங்கள் துன்பத்தில் இயல்பின் பங்கு எவ்வளவு, இரவுப் பணியின் பங்கு எவ்வளவு என்பதைப் பகல் பணிக்கு மாறிப் பார்க்காமல் பிரித்தறிய முடியாது. விடுமுறையிலும் எதிலும் நாட்டமில்லாத நிலை நீடித்தால், முடிவெடுப்பதற்கு முன் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416; தமிழிலும் பேசலாம்.

வாய்க்கால்கரை:
சென்னையை விட்டு மன்னார்குடிப் பக்கம் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கிராமம் அமைதியானது என்பது நகரத்தில் இருப்பவர்களின் நம்பிக்கை. ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோவில்களில் கூம்பு ஒலிபெருக்கி விடியும் முன்பே தொடங்கிவிடும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதைச் சுட்டிக்காட்டுபவர் ஊர்ப் பகையைத் தேடிக்கொள்வார். அதைவிடக் கடினமானது கேள்விகள். "நல்ல சம்பளத்தை ஏன் தம்பி விட்டே?" என்று டீக்கடையில் தொடங்கி இழவு வீடு வரைக்கும் கேட்பார்கள், கேட்பவர்களில் பாதிப்பேர் அக்கறையோடுதான் கேட்பார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. சத்தம் குறைந்துவிட்டதால் அல்ல, எந்த நேரத்தில் யாரிடம் பேசுவது என்பதை நானே தீர்மானிக்க முடிவதால். வேலையை விடும் முன், திருவிழாக் காலத்தில் நீண்ட விடுப்பில் வந்து தங்கிப் பாருங்கள்.

கணக்கன்:
ஐந்தாம் ஆண்டு நடக்கிறது என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஐந்தாண்டு நிறைந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், உறுதியாகக் கிடைக்கும். வருங்கால வைப்பு நிதியையும் ஐந்தாண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு. முந்தைய நிறுவனக் கணக்கை இதோடு இணைத்திருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். வேலை போகும் நாளிலேயே நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் மனைவியின் தயக்கத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்; கேட்டுப் பாருங்கள்.

நிழல்தேடி:
அனைவருக்கும் நன்றி. பகல் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நிறுவனக் காப்பீட்டில் அம்மாவின் பெயரும் உள்ளது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் விலகினால் அவருக்கு என்ன வழி?

கணக்கன்:
அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம்) அங்கே கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். வயதைப் பொறுத்துப் பிரீமியம் கூடும். விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.