ஐரிஷ் விருந்துக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அயர்லாந்தில் கார்க் நகரில் இருக்கிறோம். டிசம்பர் 26, புனித ஸ்டீபன் நாளன்று பக்கத்து வீட்டுத் தம்பதியரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு பேர். 'உங்கள் ஊர்ச் சமையலே செய்கிறேன்' என்று அவர்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்!

சோடா ரொட்டியில் (ஈஸ்டுக்குப் பதில் சமையல் சோடா போட்டுச் சுடுவது) புகையூட்டிய சால்மன் மீன், கார்க்கின் கிறிஸ்துமஸ் பெருமையான மசாலா மாட்டிறைச்சி, வெங்காயத்தாள் போட்ட உருளைக்கிழங்கு மசியல். இவ்வளவுதான். ஒத்திகையாகச் சுட்ட ரொட்டிதான் மானத்தை வாங்கியது: மேலே ஓடு, நடுவில் களி. மோர் ஊற்றியதும் அடுப்பில் வைக்க வேண்டுமாம். நானோ சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்து ஊறவைத்துவிட்டேன். வேறென்ன தவறு இருக்கும்?

இறைச்சி 2 கிலோ. முதல் நாளே வேகவைத்து, ஆறியபின் மெல்லியதாக நறுக்கிப் பரிமாறலாமா, சூடாகவே வைப்பதா? மேசைக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரமான ஹாலி இலையும் இரண்டு மெழுகுவர்த்தியும் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.