பொதுச் சுகாதாரக் கொள்கை ஃபெலோஷிப்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஆலங்குளம் பல் டாக்டர்

முக்கூடல் பக்கம், அன்றைக்கு மூன்றாவது வீடு. பீடித்தூளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பெண்களின் வாய், பல் நலம்தான் ஃபெலோஷிப்பில் என் தலைப்பு. ஆறு மாதம் களத்தில் அலைந்துவிட்டுக் கடைசியில் ஒரு கொள்கைக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்த அம்மாவுக்கு 45 வயதிருக்கும். மடியில் சுளகு, பக்கத்தில் வெட்டி அடுக்கிய ஈர இலை. ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, நூலில் ஒரு சுற்று, நகத்தால் வாயை மடக்கி ஓரமாகப் போடுவார்கள். நான் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் இரண்டு பீடி விழுந்துவிடும். கண் என் முகத்தில்தான் இருந்தது, கை தன் பாட்டுக்கு ஓடியது. ஒப்புதல் படிவம் இரண்டு பக்கம். முழுதும் வாசித்துக் காட்டினேன். புரிந்ததா என்று கேட்டதற்கு, "புரிஞ்சுது தாயி, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்கள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் போட்டார்கள். போட்டுவிட்டு உள்ளே பார்த்து ஒரு குரல்: "ஏட்டி, பாஸ்புக்க எடுத்துட்டு வா. டாக்டரம்மா பி.எஃப்.புக்கு எழுத வந்திருக்காவ."

பிளஸ் டூ படிக்கிற மகள் பாலிதீன் பையில் சுற்றிய பாஸ்புக்கோடு வந்து நின்றாள். "இது அதுக்கில்லம்மா, படிப்புக்காகக் கேக்கேன்" என்றேன். "சரி, எதுக்கோ ஒண்ணு" என்று அடுத்த இலையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் பையைப் பிரிக்கவும் இல்லை, உள்ளே கொண்டுபோகவும் இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த அம்மா சொன்ன ஒரு வரிதான் என் குறிப்பின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள்.

கடையநல்லூர்க்காரன்

2012 டெங்கு. எங்கள் ஊர் பெயர் தினமும் பேப்பரில் வந்த நேரம். நான் அப்போது ஹவுஸ் சர்ஜன், பின்னால் ஃபெலோஷிப்புக்குப் போனதே அந்தக் காய்ச்சலால்தான். கொசு ஒழிப்புக்கு வந்தவர்களோடு தெருத் தெருவாகப் போனேன். ஒரு வீட்டு வாசலில் நீல டிரம். டார்ச் அடித்தால் உள்ளே புழு நெளிகிறது. கூட வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் டிரம்மைச் சாய்த்துவிட்டார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சுப் பிடிச்ச தண்ணிய்யா அது" என்று ஆச்சி உள்ளேயிருந்து ஓடிவருகிறார்கள். அதற்குள் பேத்தி, ஆறு வயது இருந்தால் அதிகம், ஒரு செம்பை எடுத்துவந்து டிரம் வாயில் பிடித்தாள். தண்ணீர் செம்பையும் அவள் பாவாடையையும் தாண்டிச் சாக்கடைக்குப் போனது. செம்பு நிறைந்தது. அதில் இரண்டு புழு. அவள் அதைக் கீழே கொட்டாமல் பத்திரமாக உள்ளே கொண்டுபோனாள்.

டிரம்மைக் கொட்டினால் மட்டும் கொசு போகாது. ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறினால் பொரித்துவிடும். தேய்த்துக் கழுவணும், மூடி போடணும். அதைவிட முக்கியமாக, வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற நிலைமை இருக்கக் கூடாது. பின்னாளில் என் குறிப்பில் முதல் பரிந்துரையாகக் குடிநீர் வருகிற இடைவெளியைத்தான் எழுதினேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டார். "அது நம்ம துறை இல்ல." நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஆலங்குளம் டாக்டரிடம் ஒன்று சொல்லணும். அந்தக் கையெழுத்தை நீங்கள் கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது. பி.எஃப். என்று நினைத்துப் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அந்த வீட்டுப் பதில் முழுவதையும் நீக்கியிருக்கணும், அந்த வரி உட்பட.

சங்கரன்கோவில் செவிலியர்

கடையநல்லூர் அண்ணாச்சி சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. அந்த வீட்டை எடுத்துவிட்டால் அந்த அம்மா சொன்னதும் சேர்ந்து போய்விடும். அவர்கள் சொன்னது பொய்யில்லையே. மறுநாளே திரும்பப் போய் இன்னொரு தரம் கேட்டிருக்கணும், அதுதான் விட்டுப்போனது.

என் விஷயம் டிபி. 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்ததிலிருந்து, நோய் உறுதியானதுமே ஒரு சின்னப் பரிசோதனை செய்து, ஆபத்தில் இருக்கிறவர்களைப் பிரித்து வார்டுக்கு அனுப்பவேண்டும். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 14-க்குக் கீழே, அல்லது 14-லிருந்து 16-க்குள் இருந்து இரண்டு காலிலும் வீக்கம். மூச்சு நிமிஷத்துக்கு 24-க்கு மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே. தாங்கல் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் போதும். எக்ஸ்ரே வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம், எடை மெஷினும் விரலில் மாட்டுகிற கருவியும் இருந்தால் நாங்களே பார்த்துவிடலாம். அதனாலேயே எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் பெரிய மரியாதை.

ஒருத்தர் வந்தார். 39 கிலோ, உயரம் 163. பி.எம்.ஐ. பதினாலரையைத் தாண்டிவிட்டது, கால் வீக்கம் இல்லை. ஆக்சிஜன் 95, மூச்சு 22. எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம். "எந்திரிச்சு நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். நின்றார். ஆடவில்லை, அசையவில்லை. இடது கைப் பெருவிரல் மட்டும் ஜன்னல் கம்பியில் இருந்தது. "கைய எடுங்க" என்றேன். எடுத்தார், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நிற்க முடியவில்லை என்று குறித்து அனுப்பினேன். நாலு மாதம் கழித்து வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு மருந்து வாங்க வந்தார்.

ஃபெலோஷிப் கட்டுரையில் இவரைப் பற்றித்தான் எழுதினேன். கொள்கை என்பது கடைசியில் ஒரு பெருவிரலைக் கவனிப்பதில் வந்து நிற்கிறது என்று எழுதியிருந்தேன், நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். எழுதாமல் விட்டது அடுத்த வாரம் வந்தவரை. அன்றைக்குக் கூட்டம், நான் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டே "நில்லுங்க" என்றேன். நின்றார். "நிற்கிறார்" என்று பதிந்தேன். அவர் எதையாவது பிடித்திருந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாளையங்கோட்டை, வயதில் மூத்தவன்

என் கதை சின்னது. நேர்காணலில் எதைக் கேட்டாலும் விழிப்புணர்வு என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவில் ஓரமாக இருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஃபெலோஷிப் முடிஞ்சு நீங்க போயிடுவீங்க. மறுநாள் காலையில அந்த வேலைய யார் செய்வா, சம்பளம் யார் கொடுப்பா?" என்னிடம் பதில் இல்லை. ஃபெலோஷிப் கிடைக்கவும் இல்லை.

இளையவர்கள் இருப்பதால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆராய்ச்சி ஃபெலோஷிப்பையும் கொள்கை ஃபெலோஷிப்பையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற நிதி அமைப்பு தருவது ஆராய்ச்சிக்கு. அங்கே கேள்வியும் முறையும் பலமாக இருக்கணும், மனசு உருகிய கதை மட்டும் போதாது. 2022-ல் வந்த தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வேறு வகை. இரண்டு ஆண்டு அரசுத் துறைகளோடு உட்கார்ந்து வேலை செய்வது, தமிழ் தெரிந்திருக்க வேண்டும். வயது வரம்பு உண்டு, எம்.பி.பி.எஸ். முடித்து முதுகலைக்கு இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு வருகிறவர்கள் அதில்தான் அடிபடுகிறார்கள். எம்.பி.களோடு வேலை செய்கிற லாம்ப் ஃபெலோஷிப்புக்கு 25-தான் வரம்பு, ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே யோசித்தால்தான் உண்டு. வெளிநாட்டில் பேசிப் பழகணும் என்றால் ஆண்ட்வெர்ப் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம் 2010-ல் தொடங்கிய 'எமர்ஜிங் வாய்சஸ்' என்ற இளம் ஆய்வாளர் பயிற்சி இருக்கிறது. சுகாதாரக் கட்டமைப்புகள் பற்றி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஆய்வு மாநாட்டை ஒட்டி ஆள் எடுப்பார்கள்.

அடிப்படையே இன்னும் பலமாகவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997-லிருந்து எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. நமக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். சென்னை என்றால் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது.

அப்புறம் ஆலங்குளம் டாக்டருக்கு. பீடியைத் தொட்டால் பல்லோடு நிறுத்தாதீர்கள். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைப் படியுங்கள். 1976-ல் பீடிக்கு செஸ் என்ற தனி வரி போட்டு அதிலிருந்து நல நிதி ஏற்படுத்தினார்கள், 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த செஸ் போய்விட்டது. 2004-ல் இந்தியா ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளிகளுக்குக் கட்டுப்படியாகிற மாற்றுத் தொழில் பற்றியே பேசுகிறது. பாஸ்புக்கோடு வந்த அந்தப் பிள்ளைக்கு உங்கள் குறிப்பில் இடம் அங்கேதான் இருந்தது.

ராதாபுரம் ஃபார்மசிஸ்ட்

மூத்தவர் சொல்வது உபயோகமான தகவல்தான், ஆனால் இங்கே யாரும் எங்கே சேரலாம் என்று கேட்கவில்லையே ஐயா. அந்த அம்மா உங்களிடம் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது.

என்னுடையதும் நேர்காணல்தான். சுகர் மாத்திரை எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கே வருவதைப் பற்றிக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவருகிற அக்காவோடு எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். யார் மாத்திரையைப் பானைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள், யார் பாதியாக ஒடித்து மகளுக்கும் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்திலேயே திக்கினேன். எதிரே இருந்தவர் ரொம்ப அன்பாக, "தமிழ்லயே சொல்லுங்கம்மா, எங்களுக்குப் புரியும்" என்றார்.

நான் தமிழுக்கு மாறவில்லை. மாறினால் தெரியாது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு வைராக்கியம். பத்து நிமிஷம் ஆங்கிலத்திலேயே தடுமாறினேன். பானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதற்கு எதையாவது எதிர்பார்த்துக் காத்திருந்தார். அந்தத் தாளில் கடைசிவரை ஒன்றுமே எழுதவில்லை.

ஆலங்குளம் பல் டாக்டர்

எல்லாவற்றையும் வாசித்தேன். கடையநல்லூர் அண்ணாச்சி, அந்த வரியை எடுத்திருக்கணும் என்பதை ஏற்கிறேன். செவிலியர் அக்கா சொன்ன மாதிரி மறுநாள் போகவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மதினி, சரக்கு கொடுக்கப் பீடிக்கடைக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். சாயங்காலம் வரை இருக்க முடியவில்லை, பஸ் போய்விடும்.

இப்போது வேறு ஒரு வேலைக்காக அதே பக்கம் படிவத்தோடு போகிறேன். முதல் பக்கத்தில் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: "இந்தக் கையெழுத்தால் உங்களுக்குப் பணமோ, வீடோ, பி.எஃப்.போ, பென்ஷனோ எதுவும் வராது." அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன். போன வாரம் பதினொரு வீடு போனேன். ஏழு வீட்டில் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது வீட்டில் ஒரு பெரியம்மா, "அப்ப எதுக்குத் தாயி இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டார்கள். சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. நடுவில் என் கையிலும் ஒரு கட்டு இலையைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள். கடைசியில், "ஞாயித்துக்கிழம வா, அன்னைக்குக் கட மூடியிருக்கும், யோசிச்சு வைக்கேன்" என்றார்கள்.

நாளைக்கு ஞாயிறு.