கார்ன்வாலை விட்டு ராயல்ஸ் போனது ஊர் சின்னது என்பதாலா?

மதுரைக்காரன்_ஒட்டாவா:
கார்ன்வால்ல இப்ப ஆடுற ஐஸ் ஹாக்கி டீம் கோல்ட்ஸோட மேட்ச் பத்தின இழையில ஒருத்தர், "கார்ன்வால் மாதிரிச் சின்ன ஊருக்கு மேஜர் ஜூனியர் டீம் தாங்காது, 1992ல ராயல்ஸ் போனதே அதாலதான்"னு எழுதியிருந்தார். (மேஜர் ஜூனியர்னா பதினாறுல இருந்து இருபது வயசு வரைக்கும் பசங்க ஆடுற மேல்மட்ட ஜூனியர் லீக்; ராயல்ஸ் ஒன்டாரியோவுல இருக்கிற கார்ன்வாலோட பழைய டீம்.) அங்க திசை மாறுது, தனியா இங்க பேசுவோம். 1972, 1980, 1981னு மூணு மெமோரியல் கோப்பை ஜெயிச்ச ஊருங்க அது. கனடா ஜூனியர் ஹாக்கியில அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. தாங்காத ஊரா இதைச் செஞ்சுச்சு?

401_சாரதி:
அதை எழுதினது நான்தான், இப்பவும் அதைத்தான் சொல்லுறன். அம்பதாயிரம் சனம்கூட இல்லை. ஒரு பக்கம் ஒட்டாவா, மற்றப் பக்கம் மொன்றியல், ரெண்டும் காரில கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். 1992இல ஒட்டாவாவுக்கு செனட்டர்ஸ் எண்ட என்ஹெச்எல் (பெரிய தொழில்முறை லீக்) அணி வருது, அதே வருசம் ராயல்ஸ் நியூமார்க்கெட்டுக்குப் போகுது. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்? கோப்பை மூண்டும் கியூபெக் லீக்கில இருக்கேக்க வந்தது. 1981இல ஒன்ராறியோ லீக்குக்கு மாறினாப் பிறகு பதினொரு சீசன், ஒரு லீக் கோப்பைகூட இல்லை.

மதுரைக்காரன்_ஒட்டாவா:
செனட்டர்ஸ் முதல் மேட்ச் ஆடினது 1992 அக்டோபர்ல. ராயல்ஸ் அதுக்குள்ள மூட்டை கட்டியாச்சு. சரி, நியூமார்க்கெட் டொரண்டோவை ஒட்டின ஊர், சுத்தி லட்சக்கணக்கான ஜனம். அங்க எத்தனை வருஷம் நின்னாங்க? ரெண்டே சீசன்! 1994ல சார்னியாவுக்குப் போய் ஸ்டிங்னு பேரை மாத்திக்கிட்டாங்க. ஜனத்தொகைதான் காரணம்னா நியூமார்க்கெட்ல ஏன் ஓடல?

கோலி_அம்மா:
நடுவுல வர்றேன். என் பையனும் கோலிதான் (கோல்கீப்பர்), அதனால இந்த ஊர்ப்பெருமைப் பேச்சைக் கேட்டா சிரிப்பு வருது. ராயல்ஸ் ஆட்டக்காரர் டேல் ஹவர்ச்சக் 1980-81ல 81 கோல், 183 பாயின்ட். டொரண்டோ பையன். அதே டீம்ல ஆடின டக் கில்மோர் கிங்ஸ்டன் பையன். மேஜர் ஜூனியர்ல பாதிப் பிள்ளைங்க பதினாறு, பதினேழு வயசுல யாரோ ஒரு குடும்பத்தோட வீட்டு மாடியில தங்கி, அவங்க வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டு, அங்க உள்ள ஸ்கூலுக்குப் போய் ஆடுறவங்க. கோப்பை ஊரோடதா, ஹவர்ச்சக்கோடதா?

மதுரைக்காரன்_ஒட்டாவா:
அக்கா, அந்த மாடியைக் கொடுத்தது யாரு? ஊர்தானே! 1972ல கோச்சா இருந்த ஆர்வல் டெசியே கார்ன்வால்லயே பிறந்தவர். 1981ல கோச் பாப் கில்கர் அப்புறம் அந்தத் தொகுதிக்கு எம்.பி., அதுக்கும் அப்புறம் கார்ன்வால் மேயர். கில்மோரை என்ஹெச்எல் டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா இளம் ஆட்டக்காரரை எடுக்கிறது) 134ஆவதாத்தான் எடுத்தாங்க, குள்ளம்னு ஒதுக்கினவங்க எத்தனை பேர். அவரை வளர்த்துவிட்டது இந்த ஊர் ரிங்க்.

401_சாரதி:
1980ஐப் பற்றி மட்டும் பெருமையாக் கதையாதேங்கோ. அந்த முறை மெமோரியல் கோப்பையில மூண்டு அணி: கார்ன்வால், பீட்டர்பரோ, போட்டி நடந்த ஊர்களில ஒண்டான ரெஜைனா. பீட்டர்பரோ ஏற்கெனவே இறுதிக்குப் போயிட்டுது. அவை கார்ன்வாலிட்ட 5-4 எண்டு தோத்ததால ரெஜைனா வெளியில. சொந்த ஊர் அணியை வெட்டிவிட வேணுமெண்டே தோத்தவை எண்டு ரெஜைனாச் சனம் கொதிச்சது. அந்தக் கோப்பையில கறை இருக்கு.

மதுரைக்காரன்_ஒட்டாவா:
நீங்க சொல்றபடியே வச்சுப்போம். ரெஜைனாவை விடக் கார்ன்வால் சுலபமா விழும்னு கணக்குப் போட்டுத்தான் பீட்டர்பரோ விட்டுக்கொடுத்துச்சு. இறுதியில என்ன ஆச்சு? அதே பீட்டர்பரோ, மைக் கீனன் கோச்சிங். 2-2, ஓவர்டைம், ராபர்ட் சவார்ட் ஒரே அடி, 3-2. கறை யார் மேல?

401_சாரதி:
😀 சரி, அதை விடுவம். சின்ன ஊர் கேள்விக்கு வாங்கோ.

மதுரைக்காரன்_ஒட்டாவா:
வந்தேன். சஸ்காச்சுவான்ல ஸ்விஃப்ட் கரண்ட், கார்ன்வால்ல பாதிகூட இல்லாத ஊர். 1974ல அவங்க டீமும் லெத்பிரிட்ஜுக்குப் போச்சு. 1986ல ஊரே சேர்ந்து திரும்பக் கொண்டுவந்தாங்க. அந்த டிசம்பர்ல பஸ் விபத்துல நாலு பசங்க செத்தும் டீமை விடல, 1989ல மெமோரியல் கோப்பை. ஓவன் சவுண்டும் குட்டி ஊர்தான். 2000ல டீம் ஊரை விட்டுப் போற மாதிரி இருந்துச்சு, உள்ளூர்க்காரங்க காசு போட்டு வாங்கி நிறுத்தினாங்க. கார்ன்வால்ல அப்படி வாங்க யாரும் வரல, அவ்வளவுதான்.

401_சாரதி:
ஸ்விஃப்ட் கரண்டில பனிக்காலத்தில வேற என்ன இருக்கு தம்பி? பக்கத்தில என்ஹெச்எல் அணி இல்லை. கார்ன்வாலில சனிக்கிழமை இரவு டிவியைப் போட்டா மொன்றியலின்ர என்ஹெச்எல் அணி கனேடியன்ஸ். அதோட போட்டி போட ஏலுமோ? 1993இல ஏசஸ் எண்டு ஏஹெச்எல் (என்ஹெச்எல்லுக்கு அடுத்த படி லீக்) அணி வந்ததே, பெரிய ஆக்கள் விளையாடினது, அதுவும் 1996இல முடிஞ்சுது.

மதுரைக்காரன்_ஒட்டாவா:
ஏசஸோட தாய் டீம் கியூபெக் நார்டிக்ஸ் 1995ல கொலராடோவுக்குப் போச்சு. அப்புறம் அதுக்கு ஆள் தயார் பண்ற பண்ணைக் குட்டி டீம் மட்டும் கார்ன்வால்ல எதுக்கு? அதுக்கும் ஊர்க்காரங்களுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் அண்ணே, முதல்ல ஊர் சின்னதுன்னீங்க, இப்ப இருக்கிற இடம் சரியில்லன்றீங்க.

401_சாரதி:
ரெண்டும் சேர்ந்துதான். இடம் இப்படியெண்டா ஊராவது பெரிசா இருக்கவேணும்.

கோலி_அம்மா:
முப்பது வருஷத்துக்கு முன்னாடி போனதுக்கு இப்படி அடிச்சுக்கிறீங்க, இருக்கிற கோல்ட்ஸைப் பாருங்க. கோல்ட்ஸ் ஆடுற ஜூனியர் ஏ-யில (மேஜர் ஜூனியருக்கு ஒரு படி கீழ) ஆடினா அமெரிக்கக் காலேஜ் ஸ்காலர்ஷிப் வாய்ப்பு கெடாது, மேஜர் ஜூனியர்ல கால் வச்சாப் போச்சுன்னு இருந்துச்சு. இத்தனை நாள் நல்ல பசங்க கோல்ட்ஸ் மாதிரி டீமுக்கு வந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம். 2024 நவம்பர்ல அமெரிக்கக் காலேஜ் சங்கம் அந்தத் தடையை எடுத்துட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல இருந்து அமல். இனிமே மேஜர் ஜூனியர் டீம் ஒட்டாவா 67ஸ் கூப்பிட்டா எந்த அப்பா அம்மா வேண்டாம்பாங்க?

401_சாரதி:
அக்கா சொல்லுறதுதான் பயம். அடுத்த வெள்ளி கோல்ட்ஸ் மட்ச் சிவிக் கொம்ப்ளெக்ஸிலயோ?

கோலி_அம்மா:
ஆமா, அதுக்குள்ள இருக்கிற எட் லம்லி அரீனாலதான்! கம்பளி கொண்டு வாங்க.