தட்டான் இறகைக் கணினியில் வரைந்தால் ஏன் உயிரில்லாமல் தெரிகிறது?

சாட்ஸ்வொர்த்வாசி:
வணக்கம். டர்பனில் எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு அழைப்பிதழுக்காக, தட்டான் இறகை வைத்து ஓர் ஓரச் சித்திரத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து வருகிறேன். ஓர் இறகை அறுகோணங்களால் நிரப்பி, அதையே பிரதியெடுத்துத் திருப்பி மறுபக்கத்தில் வைத்திருக்கிறேன். அளவெல்லாம் சரியாக இருந்தும், கொசுவலையைக் கத்தரித்து ஒட்டியது போலத்தான் இருக்கிறது. நண்பர்கள் வண்ணத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். எனக்கோ குறை கோடுகளில் இருப்பதாகப் படுகிறது.

மாரிட்ஸ்பர்க் தும்பி:
தாங்கள் நினைப்பதே சரி, வண்ணம் இதற்கு மருந்தாகாது. காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பில், தடித்த நரம்புகளுக்கு நடுவே நாற்கோணக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். பின்விளிம்பை நோக்கிப் போகப் போக அவை சிறுத்து ஐங்கோணமாகவும் அறுகோணமாகவும் மாறும். முன்விளிம்பின் இடையில் ஒரு கணுவும், நுனிக்கருகே நிறமேறிய ஒரு சிறு பொட்டும் உண்டு. இவ்விரண்டும் இல்லாவிட்டால், எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் தட்டானின் சாயல் வராது. பின்னிறகு அடிப்பகுதியில் அகன்றிருக்கும் என்பதால், முன்னிறகின் பிரதி அங்கே பொருந்தாது.

கோட்டோவியன்:
முந்தைய மறுமொழியோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருநரம்புகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், அவற்றுக்கிடையே ஓடும் சிறுநரம்புகள் ஒரே தட்டானின் இடது, வலது இறகுகளில்கூட வேறுபடுகின்றன. எனவே பெருநரம்புகளை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, இடைவெளிகளில் இரு பக்கமும் தனித்தனியாகப் புள்ளிகளை இடுங்கள். பின்விளிம்பில் நெருக்கமாக, அடிப்பகுதியில் தளர்வாக. அப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள பரப்பை ஒரு கட்டமாகப் பிரிக்கும் வோரோனாய் நீட்சியை (மென்பொருளின் கூடுதல் கருவி) இயக்கினால் கண்ணறைகள் தாமாகவே அமையும். முன்விளிம்பின் நாற்கோணங்களைக் கையால் வரைவதே நல்லது. அங்கே நீட்சியை நம்ப வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் வண்ணத்தை எங்கே வைப்பது?

மாரிட்ஸ்பர்க் தும்பி:
நரம்பில் வையுங்கள். நம் பக்கத்துக் குளங்களில் காணும் ஊதாநிறத் தட்டானின் ஆணைப் பாருங்கள்: உடல் ஊதா, நரம்புகள் சிவப்பு, பின்னிறகின் அடியில் மட்டும் தேன்நிறத் திட்டு, மற்றபடி இறகு கண்ணாடிதான். பட்டுப்புடவைக் கரைக்கு ஏற்ற சேர்க்கை அது. நிரப்பு வண்ணத்தை அந்தத் திட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோட்டோவியன்:
அழைப்பிதழ் பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் சுற்றும் என்பதால், சிறுநரம்புகளை மிக மெல்லியதாக விடாதீர்கள். படம் சுருங்கும்போது முதலில் மறைபவை அவைதாம். கைப்பேசித் திரையில் பார்த்துக் கோட்டின் தடிமனை முடிவு செய்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.