வாழைத்தோட்டத்தில் யானை வந்த இரவும் மற்ற சிலவும்

முதுமலை என்றதும் புலி, சஃபாரி வேன், தெப்பக்காடு முகாமில் யானைக்கு ராகிக் களி உருண்டை ஊட்டுவது என்று எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதைக்குப் போகும் வழியில் இருக்கிற வாழைத்தோட்டம் என்ற சின்ன ஊரைப் பற்றி. பெரும்பாலான வண்டிகள் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிய நினைப்பிலேயே இந்த ஊரைத் தாண்டிப் போய்விடும். நான் அங்கே தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கினேன், தங்கியதால்தான் இதெல்லாம் பார்க்கக் கிடைத்தது.

முதலில் ஒன்று, நீலகிரி மாவட்டம்தானே என்று தேயிலையும் பனியும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது மலையின் மழை மறைவுப் பக்கம். தென்மேற்குப் பருவமழை கூடலூரை நனைத்துவிட்டு இங்கே வரும்போது தீர்ந்துவிடும், அதனால் முள் மரங்களும் புதரும்தான் அதிகம், ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது மரங்கள் ஓங்கி நிற்கும். தெற்கே நீலகிரி மலை செங்குத்தாக எழும்பி நிற்கிறது, வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சீகூர் மேட்டுநிலம் வழியாகத்தான் மேற்குத் தொடர்ச்சி மலை யானைகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போய் வருகின்றன. அவற்றுக்கு இது முக்கியமான வழி. ஊர் இருப்பதே அந்த வழியில்தான்.

அன்று இருட்டியதும் வீட்டுக்கார அக்கா கதவைச் சாத்திவிட்டார். "தம்பி, எதுக்கும் வெளிய போகணும்னா என்னைக் கூப்பிடுங்க, நீங்களா போயிராதீங்க" என்றார். அந்தப் பக்கம் பல வீடுகளில் கழிவறை வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது, இரவில் அந்தக் கொஞ்ச தூரம் போவதற்கே முதலில் டார்ச் அடித்துப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம்தான் காலை வெளியே வைக்கிறார்கள். நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் பின்பக்கம் கிளை ஒடிகிற சத்தம். அக்கா டிவியை அணைத்தார், யாரும் பேசவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, அந்த இருட்டே யானைதான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. தனியாக வந்த கொம்பன், கூட்டத்தோடு இல்லை. கொல்லையில் இருந்த வாழையைச் சாய்த்து, நிதானமாக நார் உரித்து உரித்துத் தின்றது. வயிற்றுக்குள்ளிருந்து வரும் அந்த உறுமல் சுவரைத் தாண்டி எங்கள் நெஞ்சில் அதிர்ந்தது என்றால் மிகையில்லை. அது போன பிறகும் வெகுநேரம் அக்கா கதவைத் திறக்கவில்லை. "போன மாதிரி இருக்கும், புதர் மறைவில நிக்கும்" என்றார். அந்த வாழைக்காக அவர் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை, மறுநாள் காலையில் மிச்சத்தை வெட்டி மாட்டுக்குப் போட்டார், அவ்வளவுதான்.

காலையில் ரிவால்டோவைப் பற்றிப் பேச்சு வந்தது. தும்பிக்கை நுனியில் காயம்பட்ட யானை அது. பாவம் பார்த்தும் படம் எடுக்க ஆசைப்பட்டும் ஆட்கள் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள், அதுவும் ஊரை விட்டுப் போக மறந்தது. 2021 மே மாதம் வனத்துறையினர் வாழைத்தோட்டத்திலேயே கரால் (மரக் கூண்டு) கட்டி அடைத்தார்கள். ஆகஸ்டில் தூரமாகக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால், ஓரிரு நாளிலேயே நடந்து இதே பக்கம் திரும்பி வந்துவிட்டது! ரேடியோ காலரோடு காட்டு யானையாகவே இருக்கட்டும் என்று அப்புறம் விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு அது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் இதற்குப் பக்கத்திலேயே, குடியிருப்புக்குள் வந்த இன்னொரு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அது காதில் தீக்காயத்தோடு திரிந்து, தெப்பக்காட்டுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிற வழியில் செத்துப்போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னால் இன்னொரு முறை பார்க்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழம் நீட்டுவதும் தீயை வீசுவதும் வேறு வேறு ஆட்கள் செய்யலாம், ஆனால் முதலாவது நடந்ததால்தான் யானை வீட்டு வாசல் வரை வரப் பழகுகிறது. வந்து பழம் கொடுத்தவர் ஞாயிறு மாலை ஊர் திரும்பிவிடுவார். அந்த யானையோடு இருக்கப்போவது அக்காவின் பிள்ளைகள்.

யானை வழித்தட வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று 2010இல் அரசு அறிவித்தது, 2011இல் உயர் நீதிமன்றம் சரி என்றது, 2018இல் வழித்தடத்தில் இருந்த பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஊரில் இதைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில் வராது. விடுதியில் வேலை பார்த்து வருமானம் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் வழித்தடத்தில் விடுதிகள் மின்வேலி போட்டு இரவெல்லாம் பாட்டுப் போட்டதை என்னால் எந்த விதத்திலும் சரி என்று சொல்ல முடியவில்லை.

இன்னொரு சந்திப்பு, எனக்கு யானையை விடவும் பெரியது. ஆற்றோர மரங்களுக்கு மேலே பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வட்டமிட்டதைப் பார்த்தேன், வெண்முதுகுப் பாறு. இந்த நீர்மருது மரங்களில்தான் அவை கூடு கட்டுகின்றன. நாடு முழுக்க லட்சக்கணக்கில் இருந்தவை இவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து ஏறக்குறைய மொத்தத்தையும் கொன்றது. கால்நடைக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கிற முக்கியமான கூட்டம் இந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் போகக் கேட்காதீர்கள், கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். ஊருக்குள் ரோட்டோரத்திலிருந்தே பைனாகுலரில் நன்றாகத் தெரிகிறது.

போகிறவர்களுக்கு: நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், மசினகுடிக்கும் அது பொருந்தும். தெப்பக்காடு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதை வைத்து நேரம் கணக்குப் போடுங்கள். நைட் சஃபாரி என்று ஜீப் ஆட்கள் கூப்பிட்டால் அது சட்டவிரோதம், டார்ச் அடித்துக் காட்டு விலங்கை விரட்டுவதற்குப் பெயர் சஃபாரி இல்லை. காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம் உண்டு. ஊரில் தங்குவதாக இருந்தால் ஆறு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிடுங்கள், வீட்டுக்காரர் சொல்கிறபடி கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.