பன்னிரண்டு வயதோடு காணாமல் போகும் வாசகர்கள்: கிளை நூலகத்துக்கு இவர்களை எப்படி வரவழைப்பது?

நூற்கண்டு (கேள்வி, டிசம்பர் முதல் வாரம்)

சாத்தூர்ப் பக்கம் சிறிய ஊர். கிளை நூலகத்துக்கு எதிரே பதினெட்டு வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். வாசகர் வட்டத்துக்குப் பொருளாளரும் நான்தான். கணக்கு நோட்டை வாங்கிக்கொள்ள வேறு யாரும் கை நீட்டவில்லை, அதுதான் என் தகுதி.

மிஷினில் உட்கார்ந்தால் நூலக வாசல் நேராகத் தெரியும். ஆறாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள், படக்கதைக்கு அடித்துக்கொள்கிறார்கள், நூலகரிடம் அதட்டு வாங்குகிறார்கள். பிறகு ஒரு நாள் நின்றுவிடுகிறார்கள். அதே முகங்களை மறுபடி பார்ப்பது இருபது, இருபத்தொரு வயதில். கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் குரூப் ஃபோர் கைடு. நடுவில் எட்டு வருடம் எங்கே போயிருந்தார்கள்?

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். வயதுக்கு வந்த பிறகு சுடிதார் தைக்க என் கடைக்கு வருகிறார்கள், எதிரே இருக்கும் நூலகத்துக்கு வருவதில்லை. அளவெடுக்கும்போது கேட்டால் பிள்ளை அம்மாவைப் பார்க்கிறது. "உள்ளே முழுக்கப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்களே" என்கிறார் அம்மா. கட்டடத்தில் கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா நடத்தினோம். பேச்சுப் போட்டியின் தலைப்பு வழக்கம்போல நூலகத்தின் பயன். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, எவர்சில்வர் டப்பாவோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் பரிசு வாங்கிய பையனிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு என்ன புத்தகம் வைக்கலாம், அவர்களை வைத்து என்ன செய்யலாம்? வட்டத்தின் கையிருப்பு 3,400 ரூபாய். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மதுரைக்குப் போய்ப் பார்த்தாகிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் வயிறு எரிந்ததுதான் மிச்சம். எங்களுடையது ஒரே கூடம், ஆறு மேசை, இரண்டு மின்விசிறி.

மூன்றாம் விதி

அக்கா, நான் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். எங்களிடம் மேசையே நான்குதான், அதனால் உங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அலமாரியில் இருப்பதைத் தோண்டுங்கள். இந்த வயதுக்கான புத்தகங்கள் இல்லாமல் இல்லை. பாதி சிறுவர் பகுதியில் முயல் படத்துக்குப் பக்கத்திலும், மீதி பெரியவர்களின் நாவல் வரிசையில் தூசிக்கு அடியிலும் கிடக்கும். நான் நாற்பது புத்தகங்களைப் பொறுக்கி, வாசலை ஒட்டி ஒரு தட்டில் அட்டை தெரியும்படி நிறுத்தினேன். முதுகு மட்டும் தெரிந்தால் அந்த வயதில் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

நூலக அறிவியல் அறிஞர், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தேர்வுக்காக இரண்டையும் மனப்பாடம் செய்தேன். வேலையில் கைகொடுத்தது மூன்றாவது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் இது எந்தப் பிள்ளைக்கு என்று யோசிப்பேன். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய நாவல், 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. உங்களுக்குப் பக்கத்து ஊரான கோவில்பட்டிக்காரர்தான் அவர். எங்கள் ஊரில் வாய்க்கால் வெட்டுகிற இடமெல்லாம் பானை ஓடு பொறுக்கித் திரிந்த ஒரு பையனுக்கு அதைக் கொடுத்தேன். புத்தகம் திரும்பி வரும்போது உள்ளே ஓர் ஓட்டுச்சில்லும் இருந்தது. பைண்டிங் கெட்டுவிட்டது, போகட்டும்.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுங்கள். ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாகவே அந்தக் கதை நகரும். ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள், அதன்பிறகு சற்று நேரம் பேச மாட்டார்கள். கதைச்சுருக்கம் எழுதி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கழிப்பறைக்கு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள். வீட்டு வரி ரசீதின் நகலை இணையுங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்து காசு. மனுவின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புத் தகப்பன்

எல்லாம் சரி அம்மா. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. இந்த நேரத்தில் கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு?

நூற்கண்டு

சார், உங்கள் மகன் பாடம் படிக்காத நேரத்தில் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று இன்று இரவு எட்டிப் பாருங்கள். அதற்கு யார் பொறுப்போ அவரே இதற்கும் இருக்கட்டும்.

பின்வரிசை

நான் பதினோராம் வகுப்பு. அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா?

நான் ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். பெரியவர்கள் மேசைக்குப் போனால் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்கள் பக்கம் புரட்டும் சத்தத்துக்கே முறைப்பார்கள். நின்றுகொண்டு படித்தால், ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கென்று அங்கே ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. எதை எடுத்தாலும் இது உனக்குப் புரியுமா, இது உன் வயதுக்கு உகந்ததா என்று கேட்கிறார்கள். புரியாவிட்டால் நானே திருப்பிக் கொடுத்துவிடுவேனே! காமிக்ஸ் வைத்தால் வருவோம். ஆனால் காமிக்ஸைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு அறிவுரை சொன்னால் மறுநாள் வர மாட்டோம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது சத்தம் போட்டுப் பேச அனுமதி வேண்டும்.

கண்மாய்க்கரை

பின்வரிசைத் தம்பி சொல்வது நியாயம். காமிக்ஸுக்கு அக்கா வெகுதூரம் போக வேண்டாம், 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்ததே சிவகாசியில்தான். என் தலைமுறை ஆட்கள் வீட்டுப் பரணில் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

பிள்ளைகளைக் கூடத்துக்குள் அடைத்து வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டுமா? 2015 முதல் பொங்கலை ஒட்டிய நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். செலவே கிடையாது. அதற்கு முந்தின வாரம் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' குறுநாவலைக் கொடுங்கள். பறவைகள்மேல் பித்துப் பிடித்த ஒரு கரிசல்காட்டுப் பையனின் கதை. அதைப் படித்தவன் கண்மாயைப் பழையபடி பார்க்க மாட்டான். பறவைக் கையேடு ஒன்று நூலகத்தில் இருந்தால் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துப்போக நூலகரிடம் கெஞ்சிக்கொள்ளுங்கள்.

நூற்கண்டு (ஜனவரி கடைசி)

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும்.

நமக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கிறது. இதையே பாதிப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை பேசுகிற நேரம் என்று அட்டையில் எழுதி மாட்டினோம். தேர்வுக்குப் படிப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வெளி வராந்தாவுக்குப் பெஞ்சை நகர்த்திய பிறகு அடங்கினார்கள். அவர்களில் ஒருவரே இப்போது ஒரு பையனுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறார். தோற்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

முதல் வாரம் மூன்று பேர். இரண்டாம் வாரம் இரண்டு பேர், அதில் ஒருவன் என் தங்கை மகன். கடையை இழுத்து மூடிவிட்டு வந்ததற்கு இதுவா என்று தோன்றியது. பொங்கல் மறுநாள் காலை கண்மாய்க்கு வாருங்கள் என்று சொன்னதற்குப் பதினொரு பேர் வந்து நின்றார்கள், நான்கு பேர் பெண் பிள்ளைகள். தையற்கடை அக்கா கூட வருகிறார் என்பதால் அம்மாக்கள் விட்டிருக்கிறார்கள். முக்குளிப்பான் எத்தனை என்பதில் அடிதடி. எண்ணி முடிப்பதற்குள் அது முங்கிவிடுகிறது. கரண்டிவாயன் ஒன்றே ஒன்று. ஆட்காட்டி கத்தி எங்களை ஊருக்கே காட்டிக் கொடுத்தது.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருவோம் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். பன்னிரண்டு பக்கம், இருபது படி நகலெடுத்ததற்கு 480 ரூபாய். பின் அடித்தால் கழன்றுவிடும் என்பதால் நடுமடிப்பில் என் மிஷினிலேயே தைத்துவிட்டேன். தாளைத் தைத்த ஊசி துணிக்கு உதவாது, ஊசி மாற்றிய செலவையும் வட்டக் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் குழுவில் என் பெயர் வேண்டாம் என்றேன். 'தையல்: நூற்கண்டு' என்று கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

மனு போட்டாயிற்று, ரசீது நகலோடு. பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் கழிப்பறைச் சாவி அகப்பட்டுவிட்டது. பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். குழாயில்தான் தண்ணீர் இல்லை. பிளம்பருக்குச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வருகிறார்.